காதெலும்பில் ஊறிய பேச்சு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெரியவரின் காதெலும்பைக் காட்டிய ஸ்கேன் படத்திலிருந்து, இறந்து பதினோரு ஆண்டுகளான அவர் மனைவி பேசினாள். படம் பார்க்கும் டாக்டரம்மா ஏசியை அணைத்துப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை.

பெரியவரும் மகளும் வந்தது மகளின் காதுக்காக. பிரசவ நர்ஸான அவளுக்கு, வயிற்றிலிருக்கும் குழந்தைகளின் இதயத் துடிப்பு ஆறு மாதமாகக் கேட்கவில்லை. வேலை போகும் நிலை. காதெலும்பு நோய் என்றால் அறுவையில் சரியாகும், ஆனால் அவள் படத்தில் தெரிந்த புள்ளி சந்தேகமாக இருந்தது. வம்சத்தில் யாருக்காவது உண்டா என்று படிவம் கேட்டது. பெரியவர் 'இல்லை' என்று அழுத்தி எழுதினார். நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்கள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அதற்குக் கம்பீரம் என்று பெயர். டாக்டரம்மா மறுபடி கேட்டார். "கத்திப் பேசினா எனக்குப் பிடிக்காது, எழுதிக் காட்டுங்க" என்றார் பெரியவர். எழுதிக் காட்டியதும், "எங்க வம்சத்து எலும்பை நீங்களே பார்த்துக்கங்க" என்று தானே போய் இயந்திரத்தில் படுத்தார்.

உள்காதின் சிறு ஜன்னலுக்கு முன்னால் கடுகளவு எலும்பு பஞ்சாகியிருந்தது. இருபது ஆண்டுகளாக உள்ளே போகாத பேச்செல்லாம் அந்தப் பஞ்சில் ஊறிக் கிடந்து, படத்தை மாட்டியிருந்த விளக்குப் பெட்டியின் சூட்டில் கசிந்தது. காது அடைத்தாலும் மண்டையெலும்பு வழியாகச் சத்தம் போகும் என்பதால், டாக்டரம்மா அவர் நெற்றியைப் பெட்டியில் சாய்த்தார். மகளும் பக்கத்தில் நெற்றியை வைத்தாள்.

"குடை எடுத்துட்டுப் போங்க... போயாச்சா. இந்த மனுஷன்கிட்ட பேசுறதுக்குக் கதவுகிட்ட பேசலாம், கிறீச்சுன்னாவது சொல்லும். காது கேக்கலைன்னு ஒத்துக்கிட்டா கிரீடம் விழுந்துடுமா? நம்ம பொண்ணுக்கும் இது வந்துடுமோன்னு பயமா இருக்குங்க. டாக்டர் கேட்டா மறைச்சுடாதீங்க."

இரங்கல் கூட்டத்தில் மனைவியை அதிர்ந்து பேசாத உத்தமி என்று புகழ்ந்தவர் அவர். மதியம்வரை குனிந்தே நின்றார். பிறகு படிவத்தை வாங்கி, 'இல்லை'யை அடித்துவிட்டு, 'தாத்தா, அப்பா, அத்தை, நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மகளுக்கு அடுத்த மாதமே அறுவை நடந்தது; வேலைக்குத் திரும்பினாள். அவருக்கும் செய்யலாம் என்றபோது, "இருங்க, அவ இன்னும் முடிக்கலை" என்றார். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் பேசி முடிக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. கடைசியாகச் சொன்னது, வரும்போது துணி சோப்பு ரெண்டு வாங்கி வரச் சொல்லி. போகிற வழியில் வாங்கிக்கொண்டு போனார்.