உட்கார்ந்தால்தான் ஓட்டு

தலைவியம்மாவின் கணுக்காலைப் பிடித்து இழுத்தபடி சட்டமன்றத் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள் குழு எழுத்தர். மணி பதினொன்றே முக்கால். அவள் கனத்த கோட்டோடு தரையில் ஓட, தலைவியம்மா பட்டம் மாதிரி கூரையை ஒட்டி மிதந்து வந்தார். உளவுத்துறை யாருடைய போனை ஒட்டுக்கேட்கிறதோ அவருடைய கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ஆறு மாதமாக இது ஊரறிந்த விஷயம், ஏணி வாடகை இரட்டிப்பானதைப் போல.

“மெதுவாம்மா! டியூப்லைட்ல இடிச்சுக்கப் போறேன்!”

“குனிஞ்சுக்கோங்க மேடம், இன்னும் ரெண்டு கதவுதான்!”

உளவுத்துறையைக் கண்காணிக்கும் குழு அது. ஐந்து உறுப்பினர்களில் மூன்று பேர் ஓட்டுப் போட்டால் ஒட்டுக்கேட்புப் பதிவேட்டைத் திறக்கலாம். பன்னிரண்டு தாண்டினால் துறை அதை எரித்துவிடலாம். ஆனால் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் ஓட்டுதான் செல்லும் என்பது விதி. துறையோ ஐந்து பேரையும் விடாமல் ஒட்டுக்கேட்டதில், இரண்டு பேர் ஜன்னல் வழியாகவே போய்விட்டார்கள். குழு அறையில் துறை இயக்குநர் சாவகாசமாகக் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

எழுத்தர் அலமாரியைத் திறந்தாள். துறை வருடாவருடம் அனுப்பி, யாரும் புரட்டாத அறிக்கைகள்; ஒவ்வொன்றும் நாலு கிலோ. தலைவியம்மாவின் மடியில் ஆறு வைத்ததும் பொத்தென்று உட்கார்ந்தார். வக்கீல் உறுப்பினருக்கு ஏழு. டாக்டர் உறுப்பினருக்கு மிஞ்சியது ஐந்துதான்; நாற்காலிக்கு ஒரு சாண் மேலே தொங்கினார்.

“ஒரு பேப்பர்வெயிட்டாவது குடுங்கய்யா!” என்று கத்தினார். அதுவும் இல்லை. மூன்று வருடமாக அந்த அலுவலகத்தில் வாங்க வாங்கக் காணாமல் போய்க்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

“சாண் உயரம்னாலும் உட்காரலதானே சார்,” என்றார் இயக்குநர். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

டாக்டரின் எரிச்சல் எழுத்தர் மேல் பாய்ந்தது. “நாங்க எல்லாம் பலூனாட்டம் ஆடுறோம், நீ மட்டும் எப்படிம்மா தரையில நிக்கிற? அவங்க ஆளா நீ?”

எழுத்தர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, கோட்டின் உள்பைக்குள் மறு கையை விட்டாள். ஒரு இரும்புப் பேப்பர்வெயிட் வந்தது. இன்னொன்று. இன்னொன்று. இருபதாவதை மடியில் வைத்ததும் டாக்டர் நாற்காலியில் அமர்ந்தார். எழுத்தரின் பிடி நழுவியது. விறுவிறுவென்று மேலே போனாள்.

மூன்று கைகள் உயர்ந்தன. பதிவேடு திறந்தது. முதல் பக்கம், முதல் வரி: ‘குழு எழுத்தர். மூன்று வருடம். ஒரு நாளும் விடவில்லை.’

அவளோ கூரையில் சாய்ந்தபடி வருகைப் பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். உறுப்பினர்கள், இருக்கையில் மூவர். எழுத்தர், மேலே.