ஒரு துண்டு போதும்

1

“அப்போ உடம்புக்குள்ள புகுந்த கிருமியை முழுசாத் தூக்கி வெளியே காட்டுமா உன் மீனு?”

“நல்லா இருக்கே! மீன் காட்டாது அண்ணி, மீனோட செல் காட்டும். அதுவும் முழுசா இல்ல. நொறுக்கி, ஒரு துண்டை மட்டும் வெளியில நீட்டும். காவல் செல்லுக்கு அது போதும், சண்டைக்குக் கிளம்பிடும்.”

நாத்தனாரும் நானும் பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசிய இந்தப் பேச்சில்தான் கதை பிறந்தது. அவள் ஆற்று மீன்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்களை ஆராய்கிறவள். நான் குடும்பக் கதை எழுதுகிறவள். என் முதல் வரைவில், தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே பெருகிய மீன்கள் ஒரே தொட்டியில் ஒற்றுமையாக வாழ்ந்தன, சுபம். அதைப் படித்துப் பார்த்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி மரபணுன்னா, ஒருத்தருக்குப் பிடிச்சு நீட்டத் தெரியாத துண்டை யாருக்குமே நீட்டத் தெரியாது. ஒரு கிருமி வந்தா மொத்தத் தொட்டியும் காலி. உங்க சுபமும் காலி!”

2

ஆகவே மீன்களை விட்டுவிட்டேன். இப்போது நாயகி என் நாத்தனாரேதான். வால்துடுப்பில் துளி வெட்டி மரபணுவைப் படித்து, எந்த மீன் ஏன் பிழைத்தது என்று கண்டுபிடித்தவள். நாளை பெரிய அரங்கில் பேசப்போகிறாள். (எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எழுதுகிறவள் பட்சபாதம் காட்டக் கூடாதாம். காட்டிவிட்டுப் போகிறேன்.)

அண்ணன் பாத்திரம்தான் இடிக்கிறது. என் வீட்டுக்காரர்தான். குடும்ப அச்சகத்தைக் கவனிக்காமல் மீன் பின்னால் போனாளே என்று அவள் ஆய்வுக்கூடத்துப் படியே மிதிக்காதவர். கல்நெஞ்சக்கார அண்ணன் அன்று—

இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அச்சகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் “என் தங்கச்சி விஞ்ஞானி, தெரியுமில்ல?” என்று பீற்றிக்கொள்கிறவர், அவளைக் கண்டால் மட்டும் வாயில் பூட்டு.

3

முடிவு ஒன்று: அவராகவே அரங்கத்துக்கு வந்து நிற்கிறார். (என் பழைய வாசகிகளே சிரிப்பார்கள்.) முடிவு இரண்டு: அவள் அண்ணனைக் கூப்பிடாமலே போய்ப் பேசிவிட்டு வருகிறாள். (எனக்கே தாங்காது.)

இரண்டையும் கிழித்துப் போட்டேன். இன்று காலை நடந்ததையே எழுதுகிறேன். அவருடைய பதிலை மட்டும் எழுத மாட்டேன். அது உங்கள் பாடு.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் வாசல்வரை வந்து நின்றாள். இத்தனை வருஷ மனத்தாங்கலும் கொட்டிவிடுமோ என்று நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவளோ ஒரு துண்டை மட்டும் வெளியே நீட்டினாள்.

“அண்ணா, நாளைக்கு நான் பேசறப்போ நீ முன்வரிசையில உட்காரணும்.”