அளந்து கொடுத்த தண்ணீர்

கொல்லயில் ஊரில் அம்மிணியைப் போலக் கறாராகத் தண்ணீர் அளப்பவர் யாரும் கிடையாது. கணவர் சோமனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மிணி அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பாள். ரேஷன் கடைக்காரரெல்லாம் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

பாறசாலையில் ஆட்டோ ஓட்டிய சோமன், பிரஷர் மாத்திரையை நடுவிலேயே நிறுத்திய மகானுபாவர். அந்தப் பிரஷர் இரண்டு சிறுநீரகங்களையும் சத்தமில்லாமல் தின்றுவிட்டது. நல்ல உடம்பில் அவை ஓயாமல் ரத்தத்தை வடிகட்டும். வேண்டிய நீரையும் உப்பையும் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கழிவோடு மூத்திரப்பைக்கு அனுப்பும். அது நின்றுவிட்டால் குடித்த தண்ணீருக்குப் போக வழியில்லை. காலில் வீங்கும், நுரையீரலில் ஏறும், மூச்சு முட்டும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவருக்கு அந்த வேலையைச் செய்தது.

தாகத்தை மட்டும் மெஷினால் எடுக்க முடியவில்லை. "அம்மிணி, ஒரு வாய் வெள்ளம் தாயேன்" என்று தண்ணீருக்குக் கெஞ்சுவார். அவள் ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டில் இருக்கும் அவள் தம்பி உண்ணி, "இது குடிங்க அத்தான், மூத்திரம் நல்லா போவும்" என்று இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். அம்மிணி பிடுங்கி முற்றத்தில் கொட்டினாள்.

"எலே, கரிக்கில உள்ள பொட்டாசியம் இவருக்கு வெளிய போவாது. நெஞ்சு நின்னு போவும். கொல்லவா கொண்டு வந்த?"

மண்ணில் ஊறிப்போகும் இளநீரையே சோமன் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மிணிக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் மெஷினில் கிடக்கும்போதே அவருக்கு நினைவு தப்பியது. இனி இதயம் தாங்காது என்று டயாலிசிஸை நிறுத்தினார்கள். சோமனிடம் கொஞ்ச நாள் ஓய்வு என்று மட்டும் அம்மிணி சொல்லிவைத்தாள். தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து கவனிக்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் ஜெஸி வந்து பார்த்துவிட்டு, அவளை அடுக்களைக்கு அழைத்தாள்.

"சேச்சி, இனி அதிக நாள் இல்ல. அண்ணன் ஆசப்பட்டத குடுங்க."

"வெள்ளமா?"

"வெள்ளம், கரிக்கு, எதானாலும். இனி அளக்காண்டாம்."

அம்மிணிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இதற்காகவா இந்த மனுஷனை இப்படி வறட்டிப் போட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நேரே போய் உண்ணியைக் கூப்பிட்டாள். அவன் செவ்விளநீராகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தான். அம்மிணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய டம்ளர் நிறைய ஊற்றி எடுத்துப் போனாள்.

சோமன் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கரிக்கா? நீயா தாற? ஜெஸி என்ன சொன்னா?"

"நல்லா தேறி வாறீங்கன்னு சொன்னா. இனி குடிக்கலாமாம்."

அவர் முகம் மலர்ந்தது. ஒரு மடக்கு வாங்கி, விழுங்க மனமில்லாமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்கிவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னும் குடிங்க."

"வேண்டாம், இன்னைக்கு இது மதி. தேறி வரும்போ நானா கெடுத்திரப்பிடாது. நீ இவ்வளவு பாடுபட்டு நோக்கினதாக்கும்."

எல்லாவற்றையும் குடியுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கத்தினால் ஏன் என்று கேட்பார். டம்ளர் அவள் கையில் கனத்தது.

"செரி," என்றாள். "நாளைக்குத் தாறேன்."