பிடி

குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மணல்மேட்டுக்கு எதிரே இருவரும் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோபர்ட் கையில் பட்டாளத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய பிஸ்டல். பக்கத்தில் நின்ற வெர்லீன் கையில், அதன் இடத்துக்கு வரப்போகிறது என்று சொல்லப்பட்ட புதியது. பழையது முழுக்க உலோகம், நல்ல கனம். புதியதில் குழலும் மேலே சறுக்கும் பகுதியும்தான் எஃகு, மற்றதெல்லாம் பிளாஸ்டிக். ஒரு பெட்டி தோட்டா தீர்ந்ததும் பிஸ்டலை மாற்றிக்கொள்வார்கள். எது எங்கே சிக்கியது என்று சொல்ல வேண்டும். பிறகு பிரித்து, கரியைத் துடைத்து, எண்ணெய் இட்டு, பூட்டி, மறுபடியும் சுட வேண்டும். காலையில் ஆரம்பித்தால் மாலை வரை அதுதான் வேலை.

கென்டக்கியில், பட்டாள முகாமின் வேலியை ஒட்டி நின்ற நீளமான தகரக் கொட்டகை அது. இரண்டு பிஸ்டல்களில் எது உழைக்கும், எதைப் பராமரிப்பது சுலபம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை முகாம் ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டிருந்தது. குளிர்காலம் என்பதால் கதவுகள் மூடியே கிடந்தன. சுடுந்தோறும் புகை கூரைக்கடியில் தங்கி, மெல்ல இறங்கி, மேசை மேலும் தோள் மேலும் சாம்பல் நிறத்தில் படிந்தது. மத்தியானம் அதே மேசையின் ஓரத்தைக் கையால் துடைத்துவிட்டு இருவரும் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

சாப்பிடும்போது சண்டை பிஸ்டலைப் பற்றித்தான். ஹோபர்ட் ஈராக்கில் இருந்தவன். மணல்காற்றில் இந்தப் பழையதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். மணல் நெருக்கிய நாட்களில் அதுவும் சிக்கியதுண்டு என்பதை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடுவான். புதியதைப் பொம்மை என்பான்.

"பொம்மைதான். ஆனா துளி எண்ணெய் இல்லாமலும் சுடுது" என்றாள் வெர்லீன். "உன் கிழவிக்கு வேளாவேளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும். பிரிச்சா ஸ்பிரிங் எங்க பறக்குதுன்னே தெரியல."

"கிழவி கோவிச்சுக்குவா. ஆனா கைவிட மாட்டா, அம்மணி."

பிப்ரவரியில் புதியது சிக்க ஆரம்பித்தது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே தெறித்து விழாமல் சறுக்குப் பகுதியின் வாயில் மாட்டிக்கொண்டு, சின்னப் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. ஹோபர்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டி எடுத்துவிட்டுச் சுட்டான். மறுபடியும் சிக்கியது. மேலாளர் டெனிசன் வந்து பார்த்து, பிஸ்டலைச் செய்தவர்களுக்குத் தகவல் சொல்லப் போனார்.

வெர்லீன் அதைப் பிரித்துத் துடைத்தாள். ஸ்பிரிங்கை மாற்றினாள், தோட்டா அடுக்கும் கூட்டையும் மாற்றினாள். பிறகு தானே நின்று ஒரு பெட்டி முழுக்கச் சுட்டாள். ஒரு இடத்திலும் சிக்கவில்லை. ஹோபர்ட்டிடம் கொடுத்தாள். சிக்கியது. அப்போதுதான் பிஸ்டலை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அவன் மணிக்கட்டு பின்னால் மடங்கிக்கொடுத்தது. பிஸ்டல் உதைக்கும்போது கை கெட்டியாக நின்றால்தான் சறுக்குப் பகுதி முழுதாகப் பின்னால் போய் காலிக் கூட்டை வெளியே தள்ளும். கனமான பழையது தன் எடையாலேயே சமாளித்துக்கொள்ளும். எடை குறைந்த புதியது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிடி தளர்ந்தால் நல்ல பிஸ்டலும் சிக்கும் என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.

அன்றிலிருந்து புதியதைத் தானே எடுத்துக்கொண்டு, பழையதையே அவனிடம் நீட்டினாள். தனக்குப் பொம்மை பழகிவிட்டது என்று சொல்லிவைத்தாள். அவனும் மறுக்கவில்லை. புதியது சரியாகிவிட்டதென்று டெனிசன் மகிழ்ந்துபோனார். ஆனால் ஹோபர்ட் தோட்டா அடுக்குகையில் விரல் நழுவுவதையும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொட்டியை அப்படியே சுருட்டி வைப்பதையும், நேற்றுச் சொன்னதையே இன்றும் புதிதாகச் சொல்வதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள், சுட்டுக்கொண்டிருக்கும்போதே பிஸ்டல் அவன் கையிலிருந்து விழுந்தது. உள்ளே தோட்டா இருந்தது. சிமெண்டுத் தரையில் மோதிச் சுழன்று, குழல் அவள் முழங்காலைப் பார்த்தபடி நின்றது. வெடிக்கவில்லை. பிறகு வெர்லீன் குனிந்து எடுத்துத் தோட்டாவை வெளியே தள்ளினாள்.

காதுமூடியைக் கழற்றிவிட்டு அவன் முகத்துக்கு நேராக வந்தாள். "டாக்டர்கிட்ட போ. போகலைன்னா நான் டெனிசன்கிட்ட சொல்லிருவேன்."

"சொன்னா வேலை போயிரும்."

"சொல்லலைன்னா யாராவது செத்துப்போயிருவாங்க. நானோ, நீயோ."

அன்று சாயங்காலம் தன் வண்டியில் அவளே கூட்டிப்போனாள். ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். நரம்பு வரை இறங்கிவிட்டது, இனி அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கவே கூடாது என்றும் சொன்னார். தோட்டாவின் மூக்கில் ஈயம், அதைப் பற்றவைக்கும் மருந்திலும் ஈயம். வருஷக்கணக்காக அந்தப் புகையைத்தான் இருவரும் சுவாசித்திருக்கிறார்கள். வீடு வந்ததும் வண்டிக் கதவைத் திறக்க ஹோபர்ட்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். சாந்தமாகப் பேசினார். டெனிசன் அறையில் வெர்லீனை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஹோபர்ட்டுக்கு மீன்பிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை வீட்டிலேயே உருக்கி வார்ப்பதாகக் கேள்விப்பட்டோம், நீங்கள் பார்த்ததுண்டா என்றார். பார்த்திருக்கிறாள். அவனுடைய பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ஆமாம் என்றாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை. நன்றி சொல்லி எழுந்துகொண்டார்.

வெளியே வந்த பிறகுதான் தன் வாயால் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். கதவுவரை போனாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் புருஷனின் இதய மருந்து அத்தனையும் அவளுடைய இந்த வேலைக் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தது. அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

நோய் வீட்டிலிருந்து வந்தது, வேலையிலிருந்து வந்ததல்ல என்று கம்பெனி முடிவு சொன்னது. நஷ்டஈடு எதுவும் தராமல் ஹோபர்ட்டை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பீன்ஸும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனாள். அடுப்புக்கு அருகில் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டிலிருந்து ஈரத்துணி மாதிரித் தொங்கியது. ரொட்டியை அவள் பிய்த்து வைக்க, இடது கையால் எடுத்துத் தின்றான்.

"பொம்மை பாஸாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. கிழவி ரிட்டையர்."

"என் கையிலதானே சிக்குச்சு. அப்ப அது நல்ல பிஸ்டல்தான்." கொஞ்ச நேரம் மென்றான். "நான்தான் அதை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

வெர்லீன் தட்டைக் கீழே வைத்தாள். "என்கிட்ட கேட்டாங்க, ஹோபர்ட். ஈயம் உருக்குவானான்னு. ஆமான்னுட்டேன்."

அவன் அடுப்பைப் பார்த்தான். "பொய்யில்லையே. உருக்கினேன்ல."

"அது எந்தக் காலம்? பையன் சின்னவனா இருந்தப்ப."

"அதைச் சொன்னியா?"

"அவங்க கேக்கல. நானும் சொல்லல."

அவள் எழுந்தபோது வாசல்வரை வந்தான். இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, நீயும் ரத்தம் கொடுத்துப் பார் என்றான். பார்க்கிறேன் என்றாள். பார்த்து, அளவு கூடுதல் என்று வந்தால் அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை டெனிசனிடம் போய், புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு மின்விசிறியாவது போடுங்கள் என்று கேட்டாள். தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்றார். நல்ல மனுஷன்தான், எழுதியும் இருப்பார். எழுதினேன் என்று இரண்டு முறை சொன்னார். பனி உருகி வேலியோரம் புல் தலைகாட்டியது. பாஸான புதியதற்கு இன்னும் துருப்பிடிப்புச் சோதனை ஒன்று மிச்சம், உப்புத்தண்ணீரில் ஊறவைத்த பிஸ்டலைச் சுட்டுப் பார்ப்பது. அதற்கு ஆள் வேண்டுமே என்று அவள் கேட்டபோது, ஆள் வேண்டாம் என்றார் டெனிசன்.

ஹோபர்ட் நின்ற இடத்தில் இரும்பு மேசை ஒன்றைத் தரையோடு முடுக்கினார்கள். அதன்மேல் பிஸ்டலைக் கவ்விப்பிடிக்கும் கவ்வி ஒன்று. அதன் பிடி தளராது. பக்கத்தில், காலிக் கூடு தெறிப்பதைப் படம் எடுக்க ஒரு கேமரா. அதை மாட்ட நகரத்திலிருந்து வந்த ஆஷ்பி என்ற பெண் மேசையில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். இந்தத் தூசி கண்ணாடியில் படிந்தால் கேமரா வீண் என்று தொலைபேசியில் சொன்னாள். மறுநாளே ஆட்கள் வந்து கூரையைத் துளைத்துத் தகரக் குழாய் ஒன்றை இறக்கி, அதன் வாயைக் கேமராவுக்கு நேர்மேலே பொருத்தினார்கள். பொத்தானை அழுத்தியதும் குழாய்க்குள்ளிருந்த விசிறி விர்ரென்று ஓடியது.

வெர்லீன் கவ்வியில் பிஸ்டலைப் பொருத்தி, விசையில் கட்டிய கயிற்றை இழுத்துச் சுட்டாள். புகை வளைந்து மேலே போய்க் குழாயின் வாய்க்குள் மறைந்தது. இன்னொரு முறை சுட்டாள். பிறகு காலிக் கூடு பொறுக்கும் சாக்கில் கேமராவின் பக்கம் நகர்ந்து, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை உயர்த்தி மூச்சை இழுத்தாள். காற்று குளிர்ச்சியாக, வாசனையே இல்லாமல் இருந்தது.

கேமராவின் படம் தெரியும் திரைக்குப் பின்னாலிருந்து ஆஷ்பி கூப்பிட்டாள். "அக்கா, உங்க தோள் படத்துல விழுது. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

வெர்லீன் எழுந்து தள்ளி நின்றாள்.