சுவரைப் பார்த்த நாற்காலி

மெர்வ் கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டான். ஆட்டுப் பட்டியில் மிரண்ட கிடாயைக் காலைப் பிடித்து இழுத்தே பழகிய கை அது.

"வாடா மாப்ளே, சித்தப்பாகிட்ட வா!"

கொண்டைக்கிளி சீறிக்கொண்டு கம்பிக்குக் கம்பி மோதியது. துக்கத்துக்கு வந்தவர்களுக்காக வைத்திருந்த சாண்ட்விச் தட்டில் சாம்பல் இறகுகள் விழுந்தன.

"கையை எடு மெர்வ். இந்த வாரத்துக்கு ஒரு சாவு போதும்" என்றாள் நொலீன்.

காலையில்தான் அவள் புருஷன் கிளாரியைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். வீடு முழுக்க ஜனம். கோதுமை கொட்டிவைக்கும் சைலோக் கிடங்கில் அவனோடு மூட்டை தூக்கியவர்களெல்லாம், அவன் இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம், அவன் பீரைக் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

மெர்வ் கடிபட்ட விரலைச் சூப்பினான். "அண்ணன் போனதுலேர்ந்து ஒரு மணி தினைகூடத் தொடலையாமே இது. நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போய் வெளியில விட்டுடறேன். கிளாரிக்கும் அதான் பிடிக்கும்."

"கோண இறக்கையோடயா? பருந்துக்குப் பந்தி வைக்கிறியா?"

"இங்க பட்டினி கிடந்து சாகறதுக்கு அது தேவலாம் நொலீன்."

எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள், காதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு. நாளைக்கு இறைச்சிக் கடையில் இதுதான் பேச்சு: புருஷனைப் புதைத்த ஈரம் காயுமுன்னே கிளியையும் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள். அவளுக்குக் கிளி மேல் பாசம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் இந்த ஜனத்தின் வாய்க்குத் தீனி போடுவதாக இல்லை.

பக்கத்து வீட்டு ஷர்ல் மூக்கைச் சிந்தினாள். "எம்மாம் பொறுமை கிளாரிக்கு! தொட்டா சாகிற மாதிரி நடுங்குன கிளி, அவன் தோள்ல வந்து உக்காந்துச்சே. மனுஷன்னா அவன்."

பொறுமையாம். டீ ஆறிப்போனால் கோப்பையோடு தொட்டியில் எறிகிற மனுஷன். முன்கதவுக் கீல் ஆடுகிறது என்று நொலீன் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தது. கீல் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

போன வருஷம் லாரியின் முன்கம்பியில் சிக்கிக் கிடந்த கிளியை அவன் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். ஜன்னலோரம், அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கூண்டை மாட்டினான். மறுநாளிலிருந்து புதுப் பழக்கம். காலையில் நாற்காலியைத் தூக்கித் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்வான். முதுகு கிளிக்கு, முதுகு அவளுக்கு. ரொட்டியை மாடு அசைபோடுவதுபோல் சத்தமாக மென்று தின்பான்.

"ஏன், என் மூஞ்சி கசக்குதா?"

"சும்மா இரு நொல்."

அவ்வளவுதான் பேச்சு. அப்படியே ஒரு வருஷம், அவன் செத்த இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெயில் இறங்குமுன் எல்லோரும் போய்விட்டார்கள். நொலீன் தினைக்கதிரை எடுத்துக் கூண்டுக்குள் நீட்டி, கிளியின் முகத்துக்கு நேரே குனிந்து முறைத்தாள்.

"தின்னு. தின்னு தொலை."

தலைக் கொண்டை விறைத்து நின்றது. கிளி மூலையில் ஒண்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் இன்னும் கிட்டே போனாள். அது கம்பியில் முட்டியது.

"செத்துப் போ, போ." கதிரைக் கூண்டிலேயே செருகினாள்.

அவள் நாற்காலி மேல் ஷர்லின் தட்டுகள் அடுக்கியிருந்தன. கிளாரியின் நாற்காலி மட்டும் காலியாக, அவன் விட்டபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பவும் தெம்பில்லை. ரொட்டியைச் சுட்டு, வெஜிமைட் பசையைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். காலையிலிருந்து வெறும் வயிறு. பல்செட் ஆட ஆட மென்றாள்.

முதுகுக்குப் பின்னால் டிக் என்றது.

திரும்பினாள். கிளி மரக்கட்டையாய் நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பி இன்னொரு கடி கடித்தாள். மென்றாள்.

டிக். டிக். தினை உமி உடையும் சத்தம்.

மெல்லுவதை நிறுத்தினாள். அதுவும் நின்றது. சத்தமாக மென்றாள். அதுவும் தொடங்கியது.

எதிரே சுவரில் ஒரு ஆணி, பக்கத்தில் வண்ணம் உரிந்த இடம். வேறொன்றும் இல்லை. இதைத்தான் ஒரு வருஷம் பார்த்துக்கொண்டு தின்றிருக்கிறான்.

'சொல்லித் தொலைச்சிருந்தா வாயா தேஞ்சிருக்கும், கழுதை?' என்று கேட்க வாயெடுத்தாள். முதல் எழுத்து வெளியே வருமுன் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக் என்றது.

ரொட்டி தீர்ந்துவிட்டது. கதிரில் இன்னும் பாதி இருந்தது. நொலீன் ஆணியைப் பார்த்தபடி, வெறும் வாயைச் சத்தமாக மென்றுகொண்டிருந்தாள்.