காற்றில் காய வேண்டிய சாமான்கள்

“…இது ஆபீஸ் பேன்ட்ரியா, இல்ல பிரசவ வார்டா? கை கழுவப் போனா ஒரு டப்பா, கப் எடுக்கப் போனா ஒரு புனல்…”

“ஏன் சார் கத்துறீங்க, அது உங்க கையைக் கடிச்சுதா?”

“பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும்மா. பாத்ரூம்ல கழுவ வேண்டியதுதானே?”

“நீங்க போய் உங்க டீ கப்பை அங்க கழுவிக் குடிங்க, பாப்போம்.”

மேனேஜரும் கணக்குப் பிரிவு அக்காவும். சண்டை பேன்ட்ரியில், விஷயம் இவளுடையது, இவளோ சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்டோர் ரூமில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவே, தாழ்ப்பாள் இல்லாத கதவை நாற்காலியால் அடைத்து அதிலேயே உட்கார்ந்து, மார்பில் பால் இழுக்கும் பம்ப்போடு… எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாம், எப்படிப் போவது, இந்தக் கோலத்திலா? பம்ப் தன் பாட்டுக்குச் சர்க் சர்க்கென்று இழுத்துக்கொண்டிருந்தது, பால்தான் பாதி பாட்டிலோடு நின்றுவிட்டது. மனசு கொதித்தால் பால் இறங்காதும்மா என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள், அதைக் கொதிக்க வைக்கிறவரிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்… ஒரு மாதிரியா இருக்காமே, என்ன மாதிரி? போன வாரம் டிபன் டப்பாவில் இருந்த மீன் முள்ளையெல்லாம் கொட்டி அதே சிங்க்கை அடைத்தாரே, அது எந்த மாதிரி? வேலைக்குத் திரும்பி வந்த அன்று கேக் வெட்டினார்கள், குழந்தை யார் ஜாடை, ராத்திரி தூங்குதா, சிரிக்குதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், பால் எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. இவளும் கேட்கவில்லைதான், ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை, தானாகவே இந்த அறையைக் கண்டுபிடித்து, தானாகவே ஒரு பச்சை பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்து…

அந்த டப்பாவில்தான் இப்போது அவருக்குக் கண். சிங்க்கில் நேராகப் போட்டுக் கழுவக் கூடாது, ஊர் எச்சில் எல்லாம் அதில்தான் போகிறது, தனி டப்பா, தனி பிரஷ், சோப்புத் தண்ணி, அப்புறம் சுத்தமான டிஷ்யூ மேல் பரப்பி வைத்தால் தானாகக் காற்றில் காயும், துணி மட்டும் படவே கூடாது… மாசம் நிறையாமல் பிறந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை, இப்போதுதான் எடை ஏறுகிறது, ஒரு கிருமி போதும் என்று அந்த நர்ஸ் இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வீட்டுக்காரரிடம் சொன்னால், ‘ரொம்பக் கஷ்டமா இருந்தா பவுடர் பால் குடுத்துக்கலாம்மா’ என்கிறார், நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் டப்பா வைக்க ஒரு ஓரம் கிடைக்காததற்குப் பிள்ளையா விட்டுக்கொடுக்க வேண்டும்?

“நாளைக்குக் குழந்தையையே கொண்டாந்து இங்க குளிப்பாட்டுவாங்க!”

“குளிப்பாட்டட்டுமே, நான் சோப்பு போட்டு விடறேன். உங்களையும் ஒருத்தி பால் குடுத்துத்தானே சார் வளத்தா?”

கப்பை ‘டொக்’கென்று வைக்கும் ஒலி, மேனேஜரின் செருப்பு தேய்ந்து தூரப் போகும் ஒலி. அடேயப்பா, அக்கா… ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை, வவுச்சர் கொடுக்கும்போது ஒரு சிரிப்பு, அதோடு சரி, எனக்காக யார் இப்படி மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்? பால் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. முடித்து, மூடி, பையில் வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள், மேனேஜர் எதிரில் வந்தால் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது, காலையில் கழுவிக் காய வைத்த இன்னொரு செட்டை எடுக்க பேன்ட்ரிக்குள் நுழைந்தாள்.

டிஷ்யூ மேல் ஒன்றுமில்லை. புனல், வால்வு, பாட்டில் எல்லாம் ஸ்பூன்களுக்குப் பக்கத்தில் பளபளவென்று வரிசையாக அடுக்கியிருந்தன.

“வந்துட்டியாம்மா? அந்த ஆளு கிடக்கறான், நீ மனசுல வச்சுக்காத,” என்றாள் அக்கா, தோளில் மேஜை துடைக்கும் துணி, அதில் டீக் கறை, நேற்றைய குழம்புக் கறை. “உன் சாமானெல்லாம் ஈரமாவே கிடந்துச்சு. நானே நல்லா அழுத்தித் தொடச்சு எடுத்து வச்சுட்டேன். இனிமே தெனமும் நான் பாத்துக்கறேன், போ.”

“தேங்க்ஸ்க்கா,” என்றாள் இவள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? மேனேஜருக்கென்று சேர்த்து வைத்த அத்தனை வார்த்தையும் இருந்ததே, அதில் ஒன்றுகூட இந்த முகத்துக்கு நேரே வரவில்லையே… திட்டுகிறவரிடம் கோபப்படலாம், நமக்காகச் சண்டை போட்டவளிடம் எப்படி? சொல்லாவிட்டால் நாளைக்கும் துடைப்பாள், சொன்னால் இந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒரே ஆளும்… கோபமெல்லாம் அவர்மேல் என்று நினைத்தாளே, இப்போது அது யார்மேல் நிற்கிறது? சாயங்காலம் இழுக்க இந்த செட்தான், மறுபடி கழுவிக் கொதிநீர் ஊற்றலாமென்றால் வெந்நீர் வைக்கும் கெட்டிலில் யாரோ காபி கலக்குகிறார்கள், அக்கா இன்னும் சிரித்துக்கொண்டே பார்க்கிறாள், இவள் புனலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களே, வேலைக்குப் போய்க்கொண்டே பால் கொடுத்தவர்கள் இருந்தால் முக்கியமாக நீங்கள், அந்த அக்காவின் முகம் வாடாமல் ‘துடைக்காதீங்க’ என்பதை எப்படிச் சொல்வது? தெரிந்தால் கீழே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.