சாயக்கை

ஊசி ஏறத் தொடங்கியதுமே கை எரிகிறது என்று சௌடம்மாள் சொன்னாள். கம்பவுண்டர் வெள்ளத்துரைதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய வலது புறங்கை சிவப்பாகத்தான் இருந்தது. நூலுக்குச் சாயம் போடுகிறவள் கை வேறெப்படி இருக்கும்? "சாயத்துல முக்குற கைக்கு இதெல்லாம் ஒரு எரிச்சலாக்கா?" என்று கேலி பேசிக்கொண்டே மருந்து முழுவதையும் ஏற்றிவிட்டான். அருப்புக்கோட்டையில் அவன் பேச்சுக்குச் சிரிக்காத ஆள் கிடையாது. அவளும் சிரித்துவைத்தாள்.

அது புற்றுநோய்க்கென்று மதுரையில் எழுதிக்கொடுத்த மருந்து. நரம்பை விட்டுக் கசிந்தால் சதையை வேகவைத்துவிடும். பதினைந்தாம் நாள் அடுத்த ஊசிக்கு அவள் வந்தபோது புறங்கை வீங்கிக் கறுத்திருந்தது.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புக்கு ஒண்ணுமில்ல. சதை வீக்கம் தெரியுது. உள்ள எவ்வளவு வெந்திருக்குன்னு படம் சொல்லாது, நீதாம்மா சொல்லணும். எப்ப எரிஞ்சது? ஆரம்பத்துலயே எரிஞ்சிருந்தா மருந்து பூராவும் சதைக்குள்ள போயிருக்கும். வெந்த சதைய இன்னைக்கே வெட்டி எடுக்கணும்."

வெள்ளத்துரை பக்கத்தில்தான் நின்றிருந்தான். சொன்னால் வேலை போய்விடும்.

சௌடம்மாள் அவனை ஒருதரம் பார்த்தாள். "வீட்டுக்குப் போயித்தான் லேசா எரிஞ்சுச்சுய்யா."

"அப்பக் கொஞ்சந்தான் கசிஞ்சிருக்கும். களிம்பு போட்டுப் பாப்போம். இன்னைக்கு ஊசிய இடது கையில போடுப்பா" என்று டாக்டர் தன் அறைக்குப் போய்விட்டார்.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. கூடவே வெட்கமும் வந்தது. ஊரையே சிரிக்கவைக்கிற வாய், திறக்க வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டதே!

ஊசியோடு அவன் வந்ததும் அவள் இடது கையை நீட்டினாள். அதில் பொட்டுச் சாயம் இல்லை. தோல் அங்கங்கே உரிந்து கிடந்தது.

"இந்தக் கைக்கு என்னாச்சுக்கா?"

"புளியும் செங்கல் பொடியும் வச்சு மூணு நாளாத் தேச்சேன் தம்பி. இது செவந்தா ஒங்களுக்குத் தெரியும்ல? அன்னைக்கு ஒங்க மேல தப்பில்ல. என் கை அப்படி."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனான்.

"சார், அவுக மொதல்லயே எரியுதுன்னாக. நான்தான் கேலி பேசிக்கிட்டு முழுசையும் ஏத்துனேன்."

டாக்டர் திட்டவில்லை. கத்தியைக் கொதிக்கவைக்கச் சொன்னார். வெள்ளத்துரை அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பின்னால் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.